முன் ஒயர், பின் ஒயர்

அம்மாவின் வலது கை விரல்களை அவள் மூன்றாவது தடவையாகப் பிரித்துவிட்டாள். நடுவிரல் ஆள்காட்டி விரலின் மேல் ஏறி முறுக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் தொட்டு, அடியிலிருந்து நுனிவரை மெல்ல உருவி, இரண்டையும் தனித்தனியாகப் போர்வைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு நடுவிரல் ஊர்ந்து வந்து மறுபடியும் பழைய இடத்தில் ஏறிக்கொண்டது.

“தசை இழுக்குதும்மா. நீங்க நிமித்த நிமித்த அது மடங்கத்தான் செய்யும். விட்டுடுங்க, பாவம்,” என்றாள் நர்ஸ். காலையில் வந்ததும் நாடி பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்று கண்ணாலேயே சொன்னவள். அதற்குப் பிறகு திரையைச் சரிசெய்வதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு டொப்பென்று ஒரு வெடி. மேஜைமேல் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தொடர்ந்து அப்பாவின் குரல், அந்த எஞ்சினின் பரம்பரையையே இழுத்துத் திட்டியது.

“ஐயோ, ஒரு சீக்காளி படுத்திருக்காங்கன்னு ஒரு இது வேணாமா?” என்றாள் நர்ஸ். “போய்ச் சொல்லுங்கம்மா உங்க அப்பாகிட்ட.”

“அம்மாதான் கேட்டாங்க,” என்றாள் அவள்.

உண்மைதான். முந்தாநாள் சாயங்காலம் அம்மா கடைசியாகப் பேசிய முழு வாக்கியம், “அதக் கேட்டுட்டுப் போறேன்” என்பது. அதோடு குரல் போய்விட்டது. அது என்றால், நாலு மாதமாக அம்மா கட்டிக்கொண்டிருந்த ரெண்டு சிலிண்டர் எஞ்சின். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் பைக் ரேஸ் ஓட்டுகிற ஒரு வாத்தியாருக்காகக் கட்டியது. எஞ்சின் மூடியாகிவிட்டது. வண்டியில் ஏற்றி ஒயர் இணைத்துக் கிளப்புவதுதான் பாக்கி. அதற்குள் அம்மா படுத்துவிட்டாள்.

வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அக்காவைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று வாத்தியார் போனில் சொன்னபோது அப்பாவுக்கு வந்ததே கோபம்! “வேற ஆள் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம், எந்த வீட்டில் நின்று சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. 

அதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா நாலு சிலிண்டர்க்காரர், நாலு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே கட்டுகிறவர்.

ரேஸ் மைதானத்தில் யாரும் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு ‘ரெண்டு’ என்று பெயர். அப்பாவுக்கு ‘நாலு’. அந்தக் காலத்து சூப்பர் பைக் பந்தயத்தில் ரெண்டு சிலிண்டர் வண்டி ஆயிரம் சி.சி. வரை போகலாம், நாலு சிலிண்டருக்கு எழுநூற்றைம்பதுதான் என்று ஒரு விதி இருந்தது. நாலு சிலிண்டர்க்காரர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல். அப்போது அப்பாவுக்கு இருபத்தெட்டு வயது, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாராம். மூன்று பந்தயம் வரிசையாகத் தோற்றதும், அந்தப் பெண் கட்டிய எஞ்சின் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவிட்டார். எல்லார் முன்னாலும் திறந்து அளந்தார்கள். நூலளவு பிசகில்லை. அப்பா முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, “தொறக்கச் சொன்னவரே மூடியும் குடுத்துட்டுப் போகட்டும்” என்றாளாம்.

அவர் மூடிக்கொடுத்தார். மூடிய பிறகு அது கிளம்பாமல் மக்கர் பண்ணியது, அம்மா வந்து எதையோ ஒன்றைத் தொட்டதும் கிளம்பியது என்பதுவரை மகளுக்குத் தெரியும். எதைத் தொட்டாள் என்பதை மட்டும் இருவரும் சொன்னதில்லை. கேட்டால் அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அம்மா சிரிப்பாள். அடுத்த வருஷம் கல்யாணம். கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனை: உன் எஞ்சினை நான் தொடமாட்டேன், என் எஞ்சினை நீ தொடக்கூடாது. முப்பத்தொரு வருஷம் இருவரும் அதைக் காப்பாற்றினார்கள்.

வீட்டின் பின்பக்கம் ஒரே கொட்டகை, நடுவில் தடுப்பு. இந்தப் பக்கம் அம்மாவுடையது, அந்தப் பக்கம் அப்பாவுடையது. அம்மாவின் பக்கத்துக்கும் இந்த அறைக்கும் ஒரே சுவர். சாப்பாடு தயார் என்றால் வீட்டுக்குள் இருப்பவர் இந்தச் சுவரைத் தட்ட வேண்டும், கொட்டகையில் இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். அப்பா தட்டினால் நாலு. அம்மா தட்டினால் ரெண்டு. கேட்பதும் அப்படித்தான், பதிலும் அப்படித்தான். காய்ச்சல் அடித்தாலும், சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாலும், ஒருவர் கணக்கை இன்னொருவர் தட்டியதில்லை. தட்டினால் தோற்றுப்போனதாக அர்த்தம்.

சின்ன வயதில் அவளைத் தட்டச் சொன்னால் மூன்று தட்டுவாள். எந்தப் பக்கமும் சேரப் பயம். “மூணா? இது எந்த ஊரு எஞ்சின்?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர்கள் சேர்ந்து சிரிப்பதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். அந்தச் சிரிப்புக்குள் தானும் போய் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் அவளுக்கு எஞ்சின் காது கிடையாது. ரோட்டில் போகிற சத்தத்தை வைத்து ரெண்டா நாலா என்று அவர்கள் பந்தயம் கட்டும்போது அவளுக்கு எல்லாம் வெறும் இரைச்சல். சாப்பாட்டு மேஜையில், “நேர் ரோட்டுல வா பாக்கலாம், உன் வண்டி எங்க நிக்குதுன்னு” என்பார் அப்பா. “ரோடு எங்கங்க நேரா இருக்கு?” என்பாள் அம்மா. “வளைவுல என் வண்டி டயருக்கு மூச்சு விட நேரம் குடுக்கும். ஒரு அடி, ஒரு இடைவெளி, அப்புறம் அடுத்த அடி. உங்க நாலும் விடாம கத்திக் கத்தி டயரைத் தேச்சே கொன்னுடும்.” இப்படியே போகும். அவள் தட்டைக் கழுவ எழுந்துபோய்விடுவாள். படித்து, வேறு ஊருக்குப் போய், பல் டாக்டர் ஆனாள். “அங்கயும் மோட்டார் சத்தம்தானேடி?” என்று அம்மா கேலி பண்ணினாள்.

பிறகு விதி மாறியது. நாலு சிலிண்டருக்கும் ஆயிரம் என்றார்கள். அப்பாவின் வருஷங்கள் வந்தன. அம்மாவின் எஞ்சின்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில், இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட, “பரவால்லங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. கடைசியில என்னைத் தூக்கறதுக்கும் நாலுதானே வேணும்” என்றாள். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. அம்மாவின் பகடிக்கு அவர் சிரிக்காமல் இருந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுபடி ஸ்டார்ட்டர் சுற்றியது. இருமல், இருமல், டொப். அம்மாவின் நடுவிரல் எழுந்து ஆள்காட்டி விரல்மேல் ஏறியது.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனவள், நின்றாள்.

இழுப்பு என்றால் இப்படி நேரம் பார்த்தா வரும்? அந்தப் பக்கம் சத்தம் இல்லாதபோது விரல்கள் சும்மா கிடந்தன. ஒவ்வொரு வெடிக்கும் பிறகுதான் ஏறின. காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அம்மாவின் இரண்டு விரல்களையும் எடுத்து, கத்தரியைத் திறப்பதுபோல அகலமாக விரித்தாள். சின்ன வயதில் இதே மேஜைக்குப் பக்கத்தில் அம்மா இப்படி விரலை விரித்துக் காட்டியிருக்கிறாள். இது முன் சிலிண்டர், இது பின் சிலிண்டர், நடுவுல தொண்ணூறு டிகிரி, அவ்வளவுதான்டி என் எஞ்சின், இதுகூடவா மண்டையில ஏறாது?

“அம்மா,” என்றாள். ஆள்காட்டி விரலைத் தொட்டாள். “இது முன்னாடி.”

அம்மாவின் இமை பாதி திறந்தது.

“இது பின்னாடி.”

அம்மா பின்னாடி விரலை முன்னாடி விரல்மேல் ஏற்றினாள். நிதானமாக ஏற்றினாள். மரமண்டைக்குச் சொல்லிக்கொடுக்கிற நிதானம் அது.

“மாறிப் போச்சா? முன்னாடியும் பின்னாடியும் மாத்திட்டாரா?”

கட்டைவிரல் அவள் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தியது.

அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சொல்லச் சொல்ல இவள் எண்ணெய் போட்டு உருவி அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஒரு நிமிஷம் பாத்துக்கங்க,” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள்.

கொட்டகையில் வண்டி ஸ்டாண்டில் நின்றது. அப்பா அதன் பக்கத்தில் முட்டிபோட்டு, நெற்றியைப் பெட்ரோல் டேங்க்கில் சாய்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“இல்லப்பா, அதில்ல,” என்றாள் அவசரமாக. “அம்மா ஏதோ சொல்றாங்க. விரல்ல. முன்னாடியும் பின்னாடியும் மாறியிருக்காம்.” தன் விரல்களை ஏற்றிக் காட்டினாள்.

அப்பா அந்த விரல்களைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். இரண்டு சிலிண்டருக்கும் போகிற பிளக் ஒயர்களைக் கையால் தடவிக்கொண்டே அடிவரை போனார். பிறகு பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அடிப்பாவி,” என்றார்.

“என்னப்பா?”

“அன்னிக்கும் இதேதான் பண்ணேன்.” அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டியது. “என் எஞ்சின்ல ஒண்ணாவதும் நாலாவதும் ஒரே நேரத்துல பொறி வாங்கும். அதுங்களுக்குள்ள ஒயரை மாத்திச் செருகினாலும் ஒண்ணும் ஆகாது. அந்தக் கைப்பழக்கம். இதுல மாத்தினா கிளம்பாது. அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி வந்து ஒயரை மாத்திப் போட்டுட்டு, என் காதுக்கு மட்டும் சொன்னா, ‘பயப்படாதீங்க, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்’னு.”

சொல்லவே இல்லை. முப்பத்தொரு வருஷம், பெற்ற மகளிடம்கூட.

“சீக்கிரம்ப்பா,” என்றாள் அவள்.

அவர் எழுந்து ஒயர்களைப் பிடுங்கினார். அவள் திரும்பி ஓடினாள்.

அறைக்குள் நர்ஸ் கட்டிலருகே நின்றிருந்தாள். அம்மாவின் மூச்சு மாறியிருந்தது. ஒன்று வரும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு இரண்டு சேர்ந்து வரும், மறுபடி பெரிய இடைவெளி.

“அப்பாவக் கூப்பிட்டுடுங்கம்மா,” என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில்.

கூப்பிட்டால் வருவார். வந்தால் அது கிளம்பாது. அது கிளம்பாமல் அம்மா போய்விட்டால் அவர் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடாமல் இருந்தாலும் எப்படிக் கழிப்பார் என்று தெரியும். ஆனால் கேட்டது அம்மா. படுத்த இந்த எட்டு நாளில் அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. இருமல் இல்லை. கனமாக, ஆழமாக, தரை வழியாக வந்து கட்டில் காலில் ஏறியது சத்தம். டக், ஒரு இடைவெளி, டக்-டக், ஒரு இடைவெளி. இத்தனை வருஷமாக இரைச்சல் என்று அவள் நினைத்திருந்தது இரைச்சலே இல்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. இடைவெளிகூடக் கேட்டது.

அம்மாவின் விரல்கள் அவள் மடியில் மெல்லப் பிரிந்தன. முன்னாடி ஒன்று, பின்னாடி ஒன்று. அப்படியே நின்றன.

“கேக்குதாடி?” என்று கத்தினார் அப்பா அந்தப் பக்கமிருந்து. இருபது வயதுப் பையன் மாதிரி இருந்தது குரல். “நாப்பது!”

நாற்பது என்றால் எஞ்சினின் சூடு. புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல்முறை கிளப்பினால் முறுக்கக்கூடாது, தானாக ஓடவிட்டு எண்பது டிகிரி வந்ததும் அணைத்துவிட வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அந்த இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதிலும் அம்மா கறார். எண்பது என்றால் எண்பது.

“அம்மா, ஓடுது பாரு,” என்றாள் அவள். “உன் எஞ்சின் ஓடுது.”

அம்மாவின் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. அதிகாரிகள் முன்னால் எஞ்சினைத் திறந்து காட்டியபோது இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

“அம்பது!”

ஒரு மூச்சு. இடைவெளி. இரண்டு மூச்சு. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டக்-டக் வந்தது. இந்தப் பக்கம் வரவில்லை. மறுபடி வந்தது. இந்தப் பக்கம் வரவில்லை.

“அறுவது! என்னமா ஓடுது பாருடி!”

நர்ஸ் குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து. அம்மாவின் இமையை மூடிவிட்டுக் கதவை நோக்கித் திரும்பினாள். அவள் எட்டி நர்ஸின் கையைப் பிடித்தாள்.

“எண்பது ஆகட்டும்,” என்றாள். “ப்ளீஸ். எண்பது ஆகட்டும்.”

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எழுபது வருவதற்கு வெகுநேரம் ஆனது. அம்மாவின் விரல்களை மடக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் இருக்கிறவரை கொட்டகையில் அம்மா உயிரோடு இருந்தாள். தன் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு, குறை கண்டுபிடித்துக்கொண்டு, பதில் சொல்லத் தயாராக இருந்தாள். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். சின்ன வயதில் அந்தச் சத்தம் நிற்காதா என்று வேண்டிக்கொண்டவள்.

“எழுவது!”

ஜன்னல் திரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

“எம்பது!” என்றார் அப்பா. சத்தம் நின்றது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. சூடான இரும்பு ஆறும்போது வருகிற சின்னச் சின்னச் சொடுக்குச் சத்தம்கூடச் சுவரைத் தாண்டி வந்தது. அந்தப் பக்கம் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார் என்று தெரிந்தது. அம்மாவின் பதிலுக்குத்தான் நிற்பார்.

சுவரில் தட்டினார்.

ஒன்று. இரண்டு.

அவள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். நாலாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் அவ்வளவுதான் தட்டியிருக்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருந்தால் இந்த ஊரையே கூட்டியிருப்பாள்.

விரலை மடக்கிச் சுவரருகே கொண்டுபோனாள். இரண்டு தட்டினால் போதும். அவர் சிரிப்பார். இந்தப் பக்கம் நடந்து வருகிறவரை அவருக்கு அம்மா இருப்பாள். கை சுவரைத் தொட்டது. அம்மாவின் கணக்கைத் தட்ட அவளால் முடியவில்லை.

அவள் மூன்று தட்டினாள்.

அந்தப் பக்கம் ஒரு ஸ்பானர் மேஜைமேல் மெதுவாக வைக்கப்பட்டது. பிறகு கொட்டகைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. எண்ணெய்க் கையோடு படுக்கையைத் தொட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலிசெய்து, தள்ளி நின்றுகொண்டாள்.